குன்னூர் மழையில் மூடிக்கொண்ட முன்கண்ணாடி: 11 நிமிடத்திலிருந்து 75 நொடிக்கு

உட்புறம் ஆவி படிந்து வெளுத்த முன்கண்ணாடி 75 நொடியில் தெளிந்துவிட்டது. இதே வண்டி, இதே இடம், கிட்டத்தட்ட இதே மழை. ஆறு வாரத்துக்கு முன்பு 11 நிமிடம் ஓடவிட்டும் ஓட்டுநர் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக்கூடத் தெளியவில்லை. இடையில் மாற்றியது எதுவும் பெரிய பாகம் இல்லை. நான்கு சிறு பழுதுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஒன்றைச் சரிசெய்தால் பாதி குணம் தெரியும், அடுத்தது அதை மறைத்துவிடும்.

வண்டி ஒன்பது வயது பெட்ரோல் ஹேட்ச்பேக். கையால் திருகும் ஏசி. ப்ளோயருக்கு (காற்றை உள்ளே தள்ளும் விசிறி) நான்கு வேகம், வெப்பத்துக்கு நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் ஒரு குமிழ், காற்று போகும் திசைக்கு இன்னொரு குமிழ், வெளிக்காற்றா உள்சுழற்சியா என்று மாற்ற ஒரு தள்ளுகோல். இவற்றுக்குப் பின்னால் இருப்பது கேபிள்தான், மோட்டார் இல்லை. ஏழு வருடம் கோவையில் ஓடிவிட்டு இரண்டு வருடமாகக் குன்னூரில் நிற்கிறது. வாரம் இரண்டு முறை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறும். கீழே ஏறக்குறைய 320 மீட்டர், மேலே 1,850 மீட்டர். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு தாண்டி பர்லியாறு வருவதற்குள் வெளியே வெப்பம் விறுவிறுவென்று இறங்கும், கண்ணாடி குளிரும், உள்ளே நான்கு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். கண்ணாடி மூடிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் அளவுகோல்

“கொஞ்சம் பரவாயில்லை”, “இன்னும் மூடுது” என்ற கணக்கில் வேலை செய்தால் எது உதவியது என்றே தெரியாமல் போகும். அதனால் ஒரு சோதனை முறை வைத்துக்கொண்டோம். வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குவது. மழையில் நிறுத்தி, இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்து, ப்ளோயரை அணைத்து, உள்சுழற்சியில் பத்து நிமிடம் காத்திருப்பது. கண்ணாடி முழுக்க வெளுத்த பிறகு வெளிக்காற்று, கண்ணாடித் திசை, ஏசி, முழுச் சூடு, நான்காம் வேகம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போட்டு ஸ்டாப்வாட்சை அழுத்துவது. ஓட்டுநர் முன்னால் ஒரு விரித்த செய்தித்தாள் அகலம் தெளிந்ததும் நிறுத்துவது. மழையும் குளிரும் நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று முறை செய்து நடு எண்ணை எழுதினோம்.

கருவிகள்: 350 ரூபாய் டிஜிட்டல் ஈரப்பத மானி, சமையலறையில் எண்ணெய்ச் சூடு பார்க்கும் கம்பி வெப்பமானி, வண்டியின் கணினித் துளையில் செருகி போனில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம் பார்க்கும் 750 ரூபாய் புளூடூத் கருவி, மல்டிமீட்டர், 10 மற்றும் 14 மில்லிமீட்டர் ஸ்பேனர், பிளாஸ்டிக் கிளிப் நெம்பும் கரண்டி, தலையில் மாட்டும் டார்ச். டார்ச்சைக் குறைத்து எண்ண வேண்டாம். டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்த பிறகு மூன்றாவது கை அதுதான்.

முதல் அளவு: 11 நிமிடம், தெளியவில்லை. நிறுத்திவிட்டோம்.

கேஸ் ஏற்றியது வீண்

முதல் தப்பு, ஏசி பலவீனம் என்று நினைத்து 1,500 ரூபாய்க்கு ஆர்-134ஏ கேஸ் ஏற்றியது. டேஷ்போர்டின் நடு வெண்டில் (காற்று வரும் வாய்) ஏற்றுவதற்கு முன்பும் 7 டிகிரி, ஏற்றிய பிறகும் 7 டிகிரி. அந்த 7 டிகிரியைப் பார்த்த உடனேயே ஏசி மேல் குற்றமில்லை என்று விட்டிருக்க வேண்டும். கண்ணாடி தெளிவதற்கு ஏசி செய்ய வேண்டிய வேலை காற்றிலுள்ள ஈரத்தைக் கூலிங் காயிலில் பிழிந்து எடுப்பது. 7 டிகிரிக்குக் குளிர்கிறது என்றால் அந்த வேலை நடக்கிறது என்றே அர்த்தம்.

அடுத்து கேபின் ஃபில்டர். க்ளவ் பாக்ஸைத் திறந்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்ளே அமுக்கி முழுக்கக் கீழே தொங்கவிட்டால் பின்னால் ஒரு மூடி. உருவியபோது ஃபில்டர் சாம்பல் நிறம், கீழ் ஓரம் மட்டும் கறுத்து நனைந்திருந்தது. நனைந்த அந்த ஓரம் அடுத்து வரப்போகிற கதைக்குத் துப்பு, ஆனால் அன்று அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டிவிட்டோம். 320 ரூபாய். அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும், மாற்றிப் போட்டால் மடிப்புகள் வளைந்து உறிஞ்சல் குறையும்.

கண்ணாடியின் உட்புறத்தையும் அன்றே துடைத்தோம். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் கக்கும் ஆவியும், மேலே தடவிய பளபளப்பு எண்ணெயும் சேர்ந்து கண்ணாடியில் மெல்லிய படலமாக நிற்கும். நீர்த்துளி அந்தப் படலத்தைப் பற்றிக்கொண்டுதான் சீக்கிரம் கூடுகிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பேட்டரி வாட்டரும் சரிபாதி கலந்து, ஒரு துணியால் தடவி, உலர்ந்த இன்னொரு மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். முதல் துணி காப்பி டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. மூன்றாவது துணிதான் வெள்ளையாக வந்தது. ஷாம்பு தடவினால் ஆவி பிடிக்காது என்பார்கள். உண்மைதான், இரண்டு நாள் பிடிக்காது. ஆனால் இரவில் எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் அந்தப் படலத்தில் பட்டுச் சிதறும். கொண்டை ஊசி வளைவில் அது வேண்டவே வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் பிறகு எட்டரை நிமிடம்.

கம்பளத்துக்குக் கீழே இரண்டு லிட்டர்

ஈரப்பத மானியை இரவு முழுக்கப் பூட்டிய வண்டிக்குள் வைத்தோம். காலையில் 93 சதம். ஆளே இல்லாத வண்டியில் இவ்வளவு ஈரம் என்றால் உள்ளே எங்கோ தண்ணீர் நிற்கிறது. இடது முன் இருக்கைக்கு முன்னால் கம்பளத்தைக் கையால் அழுத்தினால் ஜில்லென்று இருந்தது. மேலே நனையவில்லை. அடியில் இருக்கும் பஞ்சு நனைந்திருந்தது.

தண்ணீர் மூன்று வழியில் வரலாம். ஹீட்டர் காயில் ஒழுகினால் வருவது கூலன்ட்: பிசுபிசுப்பு, இனிப்பு வாடை, ஏதோ ஒரு நிறம், கண்ணாடியில் எண்ணெய் போன்ற பூச்சு, ரேடியேட்டர் டப்பாவில் அளவும் குறையும். இங்கே விரலில் தொட்டுத் தேய்த்தால் வெறும் தண்ணீர். அப்படியானால் மழைநீரா, ஏசி நீரா?

ஏசியைத் தொடாமல், வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் சல்லடையில் மக்கால் தண்ணீர் ஊற்றினோம். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது மக்கில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் சொட்டுச் சத்தம் கேட்டது. சல்லடையைக் கழற்றினால் அடியில் உள்ள தொட்டி முழுக்கச் சில்வர் ஓக் இலை. தேயிலைத் தோட்ட ஓரம் நிறுத்தும் எந்த வண்டிக்கும் இது உண்டு. பிளவுபட்ட அந்த இலை காய்ந்தாலும் நொறுங்காமல் பின்னிக்கொண்டு கிடக்கும். இரண்டு கை நிறைய அள்ளினோம். தொட்டியின் இரு ஓரத்திலும் தண்ணீர் இறங்க வேண்டிய ஓட்டை அடைத்துக் கிடந்ததால், மழைநீர் மட்டம் உயர்ந்து ப்ளோயர் காற்று இழுக்கும் வாய்க்குள் வழிந்திருக்கிறது. ஃபில்டரின் கீழ் ஓரம் கறுத்ததும் இதனால்தான். சுத்தம் செய்த பிறகு பத்து மக் ஊற்றினாலும் உள்ளே சொட்டவில்லை.

வேலை முடிந்தது என்று நினைத்துக் கம்பளத்தை மட்டும் உலர்த்தினோம். இரண்டாவது தப்பு. ஒரே வாரத்தில், மேட்டுப்பாளையம் போய் வந்த மறுநாள், மீண்டும் ஈரம். அந்த வாரம் மழையே இல்லை.

ஆக ஏசி நீர். கீழே புழுக்கத்தில் ஏசி ஓடும்போது கூலிங் காயில் பிழிந்தெடுக்கும் தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். நிறுத்திய வண்டிக்கு அடியில் ஈரத் திட்டு தெரியாவிட்டால் அதுவே அறிகுறி. குழாய் எஞ்சின் அறையின் பின்சுவரில், இடது பக்கம், வண்டியின் நடுவை ஒட்டி இருந்தது. விரல் தடிமன், முழங்கை போல் வளைந்து, நுனி சப்பை. அந்த நுனியில் சிமென்ட் பூசியது போல் மண். குளவிக்கூடு.

இந்த இடத்தில் பஞ்சர் கடைக் காற்றுக் குழாயால் அடித்துப் பார்த்தது மூன்றாவது தப்பு. மண் வெளியே வரவில்லை, பாதி மேலே போய்விட்டது. ரப்பர் குழாயும் கழன்று விழுந்தது. சரியான முறை: குழாயைக் கையால் உருவி, நுனியை விரலால் பிதுக்கி மண்ணை உதிர்ப்பது. பிறகு புல் வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் 2.4 மில்லிமீட்டர் நைலான் நரம்பை மெதுவாக உள்ளே விட்டுச் சுழற்றுவது. இரும்புக் கம்பி கூடவே கூடாது. உள்ளே இருப்பது அலுமினியக் காயில், ஒரு குத்தில் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும். நரம்பை அரை சாண் விட்டு உருவியதும் தேங்கிய தண்ணீர் ஒரே பாய்ச்சலாகக் கொட்டியது. கீழே பிடித்த பாட்டிலில் 600 மில்லி. முதலில் கறுப்பு, பிறகு தேநீர் நிறம், கடைசியில் தெளிவு. ஊதிவிட்ட மண்ணை வெளியேற்ற, ப்ளோயர் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டரைக் கழற்றி (இரண்டு ஸ்க்ரூ) அந்தத் துளை வழியாகப் பெரிய சிரிஞ்சால் 200 மில்லி வீதம் ஐந்து தடவை காயிலின் அடிப்பகுதியில் தண்ணீர் விட்டோம். ரெசிஸ்டர் இணைப்பு நனையாமல் ஒரு பாலிதீன் பையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

குழாயைத் திருப்பி மாட்டும்போது சப்பை நுனி கீழ்நோக்கி இருக்க வேண்டும். நுனியில் கொசுவலைத் துண்டு கட்டலாம் என்று தோன்றும். வலையில் பாசி பிடித்து அதுவே அடைப்பாகும், கட்டவில்லை.

உலர்த்துவதுதான் நீண்ட வேலை. இருக்கை நான்கு 14 மில்லிமீட்டர் போல்ட்டில் நிற்கிறது. அதற்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் தொடர்புடையது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிச் சில நிமிடம் விட்ட பிறகே தொட வேண்டும். கம்பளத்தைப் புரட்டி, பஞ்சைப் பக்கெட்டுக்கு மேல் பிழிந்தால் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர். அடியில் நின்று வீசும் மின்விசிறி வைத்து இரண்டு பகல் ஓர் இரவு. குன்னூர் நவம்பரில் வெயிலை நம்ப முடியாது, விசிறிதான். உலர்ந்த பிறகு பூட்டிய வண்டியின் காலை அளவு 93-லிருந்து 68 சதத்துக்கு வந்தது. பழைய துணி வாடையும் போய்விட்டது.

கண்ணாடி தெளியும் நேரம்: 5 நிமிடம் 10 நொடி.

ஊதுபத்திச் சோதனை

ஐந்து நிமிடமும் அதிகம்தான். ஒரு முரண் தெரிந்தது. தள்ளுகோலை வெளிக்காற்றில் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டினாலும் ஈரப்பத மானி 84 சதத்திலிருந்து இறங்கவில்லை. பின் ஜன்னலை இரண்டு விரல் திறந்தால் மளமளவென்று இறங்கியது. வெளிக்காற்று உண்மையில் வரவில்லை என்று சந்தேகம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஊதுபத்தி. வண்டியை நிறுத்தி, ஜன்னல்களை ஏற்றி, ப்ளோயரை மூன்றில் வைத்து, ஒருவர் உள்ளே உட்கார வேண்டும். மற்றவர் வைப்பர் சல்லடையின் இடது பக்கத்துக்கு ஒரு சாண் மேலே நான்கு ஊதுபத்தியைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வெளிக்காற்று நிலையில் பத்து நொடிக்குள் உள்ளே மணக்க வேண்டும், உள்சுழற்சியில் மணக்கக் கூடாது. எங்களுக்கு இரண்டு நிலையிலும் மணமில்லை. புகை சல்லடையின் மேல் அப்படியே மிதந்து போய்க்கொண்டிருந்தது.

க்ளவ் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால், ப்ளோயர் பெட்டியின் மேல் ஒரு சின்னக் கை, அதில் கேபிள். தள்ளுகோலை நகர்த்தும்போது கேபிளின் உறையே சேர்ந்து நகர்ந்தது. உறையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பின் காது உடைந்திருந்தது. உறை 12 மில்லிமீட்டர் வழுக்கியதால் உள்ளிருக்கும் கதவு உள்சுழற்சியிலேயே நின்றிருக்கிறது. ஃபில்டர் மாற்ற க்ளவ் பாக்ஸைத் தொங்கவிட்டபோதே இதைப் பார்த்திருக்கலாம்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் தள்ளுகோலை உள்சுழற்சியின் கடைசிக்குத் தள்ளி விடுவது. பிறகு கதவின் கையை விரலால் அதே பக்கம் முட்டும்வரை தள்ளிப் பிடிப்பது. அந்த நிலையில் உறையை இறுக்குவது. இருந்த இடத்திலேயே இறுக்கினால் ஒரு முனையில் கதவு முழுக்க மூடாது. புதிய கிளிப் தனியாகக் கிடைக்காததால் குறுகிய கேபிள் டை இரண்டைக் குறுக்காகப் போட்டோம், 15 ரூபாய். உறை நசுங்கும் அளவுக்கு இழுக்கக் கூடாது, உள்ளே கம்பி சிக்கும். மறுபடி ஊதுபத்தி: ஆறு நொடியில் மணம்.

வெப்பக் குமிழின் கேபிளையும் அன்றே பார்த்தோம். நீல முனையிலும் சிவப்பு முனையிலும் கதவு முட்டும் ‘டப்’ சத்தம் கேட்டால் சரி. கேட்டது.

நேரம்: 2 நிமிடம் 40 நொடி.

காலியாக இருந்த தெர்மோஸ்டாட் அறை

இனி மிச்சம் சூடுதான். ஹீட்டருக்குச் சூடு வருவது எஞ்சினின் கூலன்டிலிருந்து. முழுச் சிவப்பில், ஏசி இல்லாமல், கண்ணாடிக்குப் போகும் காற்று 36 டிகிரி. வெளியே 15 டிகிரி குளிரில் இது வெதுவெதுப்பு, சூடு இல்லை. போனில் கூலன்ட் வெப்பம் பார்த்தால் ஏற்றத்தில் 74, இறக்கத்தில் 61. பெட்ரோல் எஞ்சின் 85-லிருந்து 95 டிகிரி வரை நிற்க வேண்டும். டேஷ்போர்டு முள்ளும் எப்போதும் குளிர்ப் பக்கத்தை ஒட்டியே இருந்திருக்கிறது. முள் ஏறினால்தான் எல்லோரும் பயப்படுகிறோம், இறங்கிக் கிடந்தால் கவனிப்பதில்லை.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, மேல் குழாய் சேரும் மூடியின் இரண்டு 10 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றினோம். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. எஞ்சின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கும் வால்வு அது. உட்கார வேண்டிய பள்ளம் துருப்பிடித்துக் காலியாக இருந்தது. வெளியே வந்த தண்ணீரும் கூலன்ட் இல்லை, செங்கல் கரைத்த மாதிரி குழாய்த் தண்ணீர். சமவெளியில் இது வழக்கமாக நடப்பதுதான். கோடையில் ஒருமுறை எஞ்சின் சூடானால் பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு, “நம்ம ஊருக்கு இது வேண்டாம்” என்பார்கள். சில வண்டிகளில் ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டிருப்பார்கள். பழைய வண்டி வாங்கி மலைக்குக் கொண்டுவருகிறவர்கள் இந்த இரண்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். சமவெளியில் ஹீட்டர் இல்லாததை யாரும் உணர்வதில்லை. மலையில் மழையிரவில் பார்வையே அதை நம்பித்தான் இருக்கிறது.

புதிய தெர்மோஸ்டாட் ரப்பர் வளையத்தோடு 640 ரூபாய். உடம்பில் 82 என்று அச்சிட்டிருந்தது. மாட்டுவதற்கு முன் சமையலறைச் சோதனை. நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில், அடியில் படாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானி. 80 வரை அசைவில்லை. 82-ஐத் தாண்டியதும் வால்வின் விளிம்பில் முடி அளவு இடைவெளி, அதிலிருந்து ஒரு நூல் குமிழி. 90-இல் இடைவெளியில் தீக்குச்சி நுழைந்தது. தண்ணீர் 94-இல் கொதித்துவிட்டது. குன்னூர் உயரத்தில் அவ்வளவுதான் ஏறும். அப்போது திறப்பு 7 மில்லிமீட்டர். வெளியே எடுத்து ஆறவிட்டதும் ‘டிக்’கென்று முழுக்க மூடியது. மூடாமல் நின்றிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்போம்.

மாட்டும்போது அதிலுள்ள லொடலொடவென்று ஆடும் சின்ன வால்வு உச்சியில் வர வேண்டும், காற்று வெளியேறும் வழி அது. பள்ளத்தின் துருவைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, நைஸ் எமரித் தாளால் தேய்த்த பிறகே வளையம் நன்றாக உட்கார்ந்தது. போல்ட் சிறியது, ஏறும் இடம் அலுமினியம். குட்டை ஸ்பேனரால் இறுக்கினால் போதும், நீளக் கைப்பிடி போட்டால் மரை போய்விடும்.

பழைய தண்ணீரை இறக்கி, பேட்டரி வாட்டர் ஊற்றி ஓடவிட்டு இறக்குவது இரண்டு முறை. மூன்றாவதாகக் கூலன்ட் செறிவும் பேட்டரி வாட்டரும் சரிபாதி. கூலன்ட் 420 ரூபாய், தண்ணீர் 150 ரூபாய். காற்றை வெளியேற்ற, வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஏற்றத்தில் நிறுத்தி, ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து, வெப்பக் குமிழை முழுச் சிவப்பில் வைத்து ஸ்டார்ட் செய்தோம். இருபது நிமிடம் குமிழி வந்துகொண்டிருந்தது, அளவு இறங்க இறங்க ஊற்றினோம். குமிழி நின்றதும் மூடி, ரேடியேட்டர் விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விட்டோம். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திருகவே கூடாது. முகத்தில் அடிக்கும்.

கடைசியாக ஹீட்டர் குழாய் இரண்டையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் சூடு என்றால் உள்ளே ஓட்டம் இருக்கிறது. ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி என்றால் ஹீட்டர் காயில் அடைத்திருக்கிறது அல்லது காற்று நிற்கிறது. இவ்வளவு துருத் தண்ணீர் ஓடிய வண்டியில் அடைப்பு இருக்கும் என்று பயந்தோம், இல்லை. ஆனால் துரு கழன்றதும் ஒழுகத் தொடங்கும் ஆபத்து உண்டு. அதனால் ஒரு வாரம் தினமும் காலையில் கூலன்ட் அளவும் காலடி ஈரமும் பார்த்தோம்.

கூலன்ட் 88-லிருந்து 91 வரை நின்றது. கண்ணாடிக் காற்று 61 டிகிரி. நேரம்: 75 நொடி.

பின்கண்ணாடி

பின்கண்ணாடியைச் சூடாக்கும் மின்கோடுகளில் மூன்றின் மேல் ஆவி தெளியவில்லை. யாரோ சன் ஃபிலிம் உரித்தபோது கூடவே பிய்ந்திருக்கிறது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை வண்டியின் இரும்பு உடம்பில் (எர்த்) வைத்து, சிவப்பு முனையில் அலுமினியத் தாள் சுற்றிக் கோட்டின் மேல் நகர்த்தினோம் (வெறும் முனை கோட்டைக் கீறும்). நல்ல கோட்டில் ஒரு ஓரம் 12 வோல்ட், நடுவில் 6, மறு ஓரம் பூஜ்யம் என்று சீராக இறங்கும். அறுந்த கோட்டில் 12 அப்படியே வந்து ஓரிடத்தில் திடீரென்று பூஜ்யமாகும். அறுந்த இடம் அதுதான். முதலில் அலுமினிய டேப் ஒட்டினோம், ஒரே வாரத்தில் உரிந்தது. பிறகு வெள்ளி கலந்த கடத்தும் பெயின்ட், சின்னப் புட்டி 550 ரூபாய். கோட்டின் மேலும் கீழும் டேப் ஒட்டி, அறுந்த இடத்துக்கு இருபுறமும் 5 மில்லிமீட்டர் ஏறும்படி இரண்டு பூச்சு, ஒரு நாள் உலரவிட்டோம். இரண்டு கோடு உயிர் பெற்றது. மூன்றாவதில் நாலு விரல் நீளம் பிய்ந்திருந்ததால் விட்டுவிட்டோம்.

குமிழ்களை எந்த வரிசையில் திருப்புவது

மலையில் மழையில் உட்புறம் மூடினால் முதலில் வெளிக்காற்று, பிறகு கண்ணாடித் திசை, ஏசி, குமிழ் முக்கால் சிவப்பு, ப்ளோயர் நான்கு. ஏசியும் ஹீட்டரும் ஒன்றையொன்று தின்றுவிடாதா என்று கேட்பார்கள். இந்த வண்டியில் காற்று முதலில் கூலிங் காயிலைத் தாண்டி ஈரத்தை உதிர்க்கிறது, பிறகு ஹீட்டர் காயிலில் சூடாகிறது. 6 டிகிரிக்குக் குளிர்ந்த காற்றை 40-க்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 13 சதம் அளவுக்கு இறங்கிவிடும். அந்தக் காற்று கண்ணாடியிலிருந்து நீரை உறிஞ்சும். ஹீட்டர் மட்டும் போட்டால் சூடான ஈரக்காற்று, ஏசி மட்டும் போட்டால் காய்ந்த குளிர்காற்று. இரண்டும் சேர்ந்தால்தான் வேகம்.

தெளிந்ததும் ப்ளோயரை இரண்டுக்கு இறக்கலாம், ஏசியை அணைக்கக் கூடாது. அணைத்த அடுத்த நிமிடம் காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் ஆவியாகி நேராகக் கண்ணாடிக்கே வரும். மலை வழியில் ‘ஏசியை அணைத்ததும் பொசுக்கென்று மூடிருச்சு’ என்று கேட்கும் புகார் பெரும்பாலும் இதுதான். வளைவில் இழுவை போதவில்லை என்று அணைத்தால் சில நொடியில் திரும்பப் போட்டுவிட வேண்டும். நான்கைந்து பேர் நனைந்து ஏறியிருந்தால் பின் ஜன்னல் ஒன்றை ஒரு விரல் இறக்குவது பெரிய உதவி. உட்கார்ந்திருக்கும் ஒருவரிடமிருந்தே மணிக்கு 40, 50 கிராம் நீர் மூச்சாகவும் வியர்வையாகவும் வெளியேறுகிறது. நனைந்த குடையும் சட்டையும் தனிக் கணக்கு. குடையைப் பையில் போட்டு டிக்கியில் வைக்கலாம். டேஷ்போர்டின் இரு ஓர வெண்டையும் பக்கவாட்டுக் கண்ணாடியில் ரியர்வியூ தெரியும் இடத்தைப் பார்த்துத் திருப்பிவைக்க வேண்டும்.

கீழே இறங்கினால் கணக்கே தலைகீழ். மேட்டுப்பாளையத்திலோ சென்னையிலோ புழுக்கமான மழையிரவில் கண்ணாடி மூடினால் முதலில் வைப்பரை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். வைப்பரில் போனால் ஆவி வெளிப்புறம். 27 டிகிரியும் 90 சத ஈரமும் உள்ள காற்று 25 டிகிரிக் கண்ணாடியைத் தொட்டாலே நீராகும். அங்கே கண்ணாடித் திசையில் குளிர்காற்றை அடித்தால் இன்னும் மூடும். காற்றை முகத்துக்குத் திருப்பி, குளிரைக் குறைத்து, வைப்பரை இடைவிட்டு ஓடவிட்டால் போதும்.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி அதிகாலையில் வெளியே பூஜ்யத்தை ஒட்டிப் போகும்போது ஏசி விளக்கு எரிந்தாலும் கம்ப்ரஸர் பிடிக்காமல் இருக்கலாம். காயில் உறைந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு அது, பழுதில்லை. அங்கே ஹீட்டர்தான் கதி. எஞ்சின் சூடேறும்வரை வெளிக்காற்றில் குறைந்த வேகம், பிறகு முழு வேகம். கண்ணாடியில் உறைந்த பனிக்கு வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடலாம். பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டலாம்.

செலவும், மாற்றிச் செய்ய வேண்டியதும்

ஃபில்டர் 320, நைலான் நரம்பு 40, கேபிள் டை 15, தெர்மோஸ்டாட் 640, கூலன்ட் 420, பேட்டரி வாட்டர் 150, வெள்ளி பெயின்ட் 550, ஆல்கஹால் 160. ஆகப் பொருட்களுக்கு 2,295 ரூபாய். ஈரப்பத மானியும் புளூடூத் கருவியும் 1,100. கேஸுக்குப் போன 1,500 வீண்.

இன்னொரு வண்டியில் இதே வேலை வந்தால் வரிசையை மாற்றிவிடுவோம். முதல் பத்து நிமிடத்தில் கூலன்ட் வெப்பம், கண்ணாடிக் காற்றின் வெப்பம், ஊதுபத்தி. இந்த மூன்றுக்கும் ஸ்பேனரே வேண்டாம், இங்கே இருந்த நான்கு பழுதில் இரண்டு அப்போதே தெரிந்திருக்கும். அடுத்து மக் தண்ணீர், பிறகு ஏசி நீர் இறங்கும் குழாய். கழற்றும் வேலை அதற்குப் பிறகு. சல்லடைத் தொட்டியை அக்டோபர் தொடக்கத்தில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை அள்ளுவது என்று வைத்திருக்கிறோம்.

இடது பக்க ஜன்னல் கண்ணாடி மட்டும் இன்னும் நாலு நிமிடம் எடுக்கிறது. ஓர வெண்டில் காற்று வலதைவிடப் பாதிதான் வருகிறது. டேஷ்போர்டுக்குள் அந்தப் பக்கம் போகும் பிளாஸ்டிக் குழலின் இணைப்பு விலகியிருக்க வேண்டும். அதைப் பார்க்க டேஷ்போர்டின் மேல்பகுதியைத் தூக்க வேண்டும், மழை விட்டதும் செய்வதாக இருக்கிறோம்.